வளர்ச்சி, மின்சாரம், புகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். ஆற்றல் செலவு, கார்பன் உமிழ்வு, நாட்டின் வளர்ச்சி இந்த மூன்றுக்கும் என்ன உறவு என்ற பாடம் வந்தால் வகுப்பு கலகலப்பாகிவிடும். அதே கேள்விகள் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியிலும் வந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப வருவதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இந்தப் பக்கம். ஆற்றல் என்று இங்கே சொல்வது மின்சாரத்தை மட்டும் இல்லை. பெட்ரோல், டீசல், நிலக்கரி, சமையல் எரிவாயு எல்லாம் அதில் சேர்த்தி.

நாடு வளர வேண்டும் என்றால் ஆற்றல் செலவும் கூடித்தான் ஆக வேண்டுமா?

ஏழை நாட்டுக்கு, ஆமாம். சாலை போட, சிமெண்ட் காய்ச்ச, இரும்பு உருக்க, வீட்டுக்கு வீடு மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் வர, எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். இன்று வசதியாக இருக்கும் எந்தப் பெரிய நாடும் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் வந்ததில்லை. இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 1,400 யூனிட் மின்சாரம்தான் ஆகிறது. தொழிற்சாலை, ரயில், பம்புசெட் எல்லாம் சேர்த்த சராசரி இது.

ஆற்றல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த ஒன்று. 2012-ல் கோவைப் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்கள் உண்டு. கணபதியில் என் மாமா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. ஆட்கள் வாசலில் பெஞ்சுபோட்டு உட்கார்ந்திருப்பார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கும். பொறுக்கமுடியாமல் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தார். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். பம்பு பாகத்துக்குக் கிடைக்கும் ஜாப் கூலியை டீசலே தின்றுவிட்டது. ‘இரண்டு நாள் மூடிப்போட்டாத்தான் என்ன?’ என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். ‘மெஷின் நின்னா வட்டியும் நிக்குமா கண்ணு?’ என்றார்.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் அந்தப் பட்டறை ஒரு புள்ளிகூட இல்லை. அப்படிப்பட்ட பட்டறைகள் ஆயிரக்கணக்கில் வாசலில் உட்கார்ந்திருந்தால் புள்ளி கோடாகிவிடும்.

அப்படியென்றால் ஆற்றல்தான் வளர்ச்சியை உண்டாக்குகிறதா? அல்லது வளர்ந்த பிறகு ஆற்றல் செலவு கூடுகிறதா?

பொருளாதார ஆய்வாளர்கள் ஐம்பது வருடமாகச் சண்டை போடும் கேள்வி. 1978-ல் ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் என்ற இருவர் அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையிலான புள்ளிவிவரத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். வருமானம் முன்னால் போகிறது, ஆற்றல் செலவு பின்னால் வருகிறது என்று அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் உலகத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் இந்தச் சோதனையைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். சில நாட்டில் ஆற்றல் முன்னால் போகிறது, சில நாட்டில் வருமானம், சிலவற்றில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன, சிலவற்றில் சம்பந்தமே காணோம். ஒரே நாட்டை இரண்டு பேர் ஆராய்ந்து இரண்டு விடை சொன்னதும் உண்டு. எடுத்துக்கொண்ட ஆண்டுகளை மாற்றினால் விடை மாறும்.

இந்தச் சோதனைக்குக் கிரேஞ்சர் சோதனை என்று பெயர். 2003-ல் நோபல் வாங்கிய கிளைவ் கிரேஞ்சர் உருவாக்கியது. எது முன்னால் அசைந்தது, அதை வைத்துப் பின்னால் வருவதைக் கணிக்க முடிகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது என்பதும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் ‘ஆய்வில் நிரூபணமாகிவிட்டது’ என்று யாராவது ஒரே ஒரு கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்தால், எந்த நாடு, எந்த ஆண்டுகள் என்று கேளுங்கள். மாமாவின் பட்டறையில் ஆற்றல் முன்னால் நின்றது. ஏசி வாங்கும் வீட்டில் வருமானம் முன்னால் நிற்கிறது. ஒரே ஊரில் இரண்டும் நடக்கிறது.

ஆற்றல் செலவும் கார்பன் உமிழ்வும் ஒன்றுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான். பட்டறைக்கு வேண்டியது லேத் சுற்றுவது. புகை மாமாவுக்குத் தேவைப்படவில்லை. எதை எரித்து அந்தச் சுற்று கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. காரணம், நம் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிரான்ஸ் வரிசையாக அணுமின் நிலையம் கட்டியது. அந்த நாட்டில் ஒரு யூனிட்டுக்கு நம்மில் பத்தில் ஒரு பங்கு உமிழ்வுகூட இல்லை. பக்கத்து நாடான ஜெர்மனி பிரான்ஸைவிடப் பெரிய ஏழையோ பணக்காரனோ இல்லை, ஆனால் ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் உமிழ்கிறது. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரியும் நம் நெய்வேலி நிலக்கரி மாதிரிதான்: ஈரம் அதிகம், அதனால் ஒரு யூனிட்டுக்குப் புகையும் அதிகம்.

‘டீகப்ளிங்’ என்கிறார்களே, அது என்ன?

ரயில் இன்ஜினையும் பெட்டியையும் கோத்து வைக்கும் கொக்கிக்குக் கப்ளிங் என்று பெயர். அதைக் கழற்றிவிட்டால் இன்ஜின் போகும், பெட்டி பின்னால் வராது. வளர்ச்சி இன்ஜின், உமிழ்வு பெட்டி. அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஜிடிபி 7 சதவீதம் வளர, உமிழ்வு 4 சதவீதம் வளர்ந்தால் அது அரைகுறைக் கழற்றல். கொக்கி தளர்ந்திருக்கிறது, பெட்டி இன்னும் பின்னால் வருகிறது. ஜிடிபி ஏறும்போதே உமிழ்வு இறங்கினால்தான் முழுக் கழற்றல்.

முழுக் கழற்றலுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பிரிட்டன். 1990-லிருந்து பார்த்தால் அதன் உமிழ்வு பாதியாகிவிட்டது. பொருளாதாரம் அதே காலத்தில் முக்கால் மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. 2012-ல்கூட அந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப்-ஆன்-சோர் என்ற கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். 1882-ல் லண்டனில் முதல் நிலக்கரி மின் நிலையம் தொடங்கிய நாடு அது. 1991-லிருந்தே கார்பனுக்கு வரி போடும் ஸ்வீடனும் இந்தப் பட்டியலில் உண்டு.

பிரிட்டன் புகையைக் குறைக்கவில்லை, சீனாவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டது என்று சொல்கிறார்களே?

பாதி உண்மை. உமிழ்வை எந்த மண்ணில் புகை வந்ததோ அந்த நாட்டின் பெயரில்தான் எழுதுகிறார்கள். பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் பெயரில் மாற்றி எழுதினால் பிரிட்டனின் சாதனை கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கிலும் குறைந்துதான் இருக்கிறது. நிலக்கரியை நிறுத்தியது கண்கட்டு வித்தை இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லண்டனில் ஒருவர் போடும் பனியனின் நூற்பு, பின்னல், சாயம், இஸ்திரி எல்லாம் இங்கே நடக்கிறது. புகை இந்தியாவின் கணக்கில் ஏறுகிறது. இன்னொரு கூத்தும் உண்டு. சாயக் கழிவால் நொய்யல் ஆறு நாசமான பிறகு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி ஓடுகின்றன. அதற்குக் கழிவுநீரை ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) இயந்திரத்தில் அழுத்தித் தள்ள வேண்டும். மிஞ்சும் உப்புக் கரைசலை நீராவி வைத்துச் சுண்டக் காய்ச்ச வேண்டும். மின்சாரம், பாய்லருக்கு விறகு, இரண்டும் கூடுகிறது. ஆறு பிழைக்க ஆற்றல் செலவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, செய்ய வேண்டிய செலவுதான். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தால் எல்லாக் கணக்கும் ஒரே பக்கம் சாயும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் நின்று பார்க்கலாம். சூடு முகத்தில் அடிக்கும்.

ஐரோப்பா போடும் கார்பன் வரி இதற்குத்தானா?

கிட்டத்தட்ட. தன் நாட்டு ஆலைகள் உமிழ்வுக்குக் காசு கட்டும்போது, வெளியிலிருந்து வரும் சரக்கும் கட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாதம். 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026 ஜனவரியிலிருந்து கட்டணக் கட்டம். இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதில் வருகின்றன; போல்ட், ஸ்க்ரூ மாதிரிப் பொருட்களும் உண்டு. ஆயத்த ஆடை இந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவும் 2023-ல் உள்நாட்டுக் கார்பன் சந்தைக்கான திட்டத்தை அறிவித்தது. எப்படியும் கட்ட வேண்டிய காசு, அதை இங்கேயே கட்டட்டும் என்ற யோசனையும் அதன் பின்னால் இருக்கிறது என்பது என் ஊகம்.

இந்தியா உமிழ்வைக் குறைத்துவிட்டது என்று ஒரு செய்தி, கூடிவிட்டது என்று இன்னொரு செய்தி. எது சரி?

இரண்டும் சரி. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் சுலபம்.

பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா கொடுத்த வாக்கு மொத்த உமிழ்வைப் பற்றியது இல்லை. ஒரு ரூபாய் ஜிடிபிக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தைப் பற்றியது. அதற்கு உமிழ்வுச் செறிவு என்று பெயர். 2005 அளவிலிருந்து 2030-க்குள் 33 முதல் 35 சதவீதம் குறைப்போம் என்று 2015-ல் சொன்னார்கள், 2022-ல் அதை 45 ஆக்கினார்கள். 2020-க்குள்ளேயே 36 சதவீதம் குறைந்துவிட்டது என்று ஐ.நா.வுக்கு அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. பழைய வாக்கு கெடுவுக்குப் பத்து வருடம் முன்பே நிறைவேறியது. சரி. அதே 2005-க்கும் 2020-க்கும் இடையில் நாட்டின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ இரு மடங்கானது.

எப்படி? ஜப்பான்காரர் யோயிச்சி காயா ஒரு எளிய பெருக்கல் சொன்னார். மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு ஆற்றல், ஒரு அலகு ஆற்றலுக்கு எவ்வளவு கார்பன். நான்கையும் பெருக்கினால் உமிழ்வு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுகிறது, வருமானம் 5 கூடுகிறது. ஒரு ரூபாய்க்கான ஆற்றல் தேவை 2 சதவீதம் குறைகிறது, ஒரு அலகு ஆற்றலுக்கான கார்பன் 0.5 சதவீதம் குறைகிறது. கூட்டிக் கழித்தால் உமிழ்வு ஆண்டுக்கு 3.5 சதவீதம் ஏறும். இருபது வருடத்தில் இரட்டிப்பு. பின்னால் உள்ள இரண்டும் ஒழுங்காகக் குறைந்துகொண்டுதான் இருந்தன, அரசு அறிக்கையில் நல்ல பெயரும் கிடைக்கும். வானத்துக்குப் போனது மட்டும் இரண்டு மடங்கு.

அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது: விகிதத்தைப் பார்த்தால் உடனே மொத்தத்தையும் கேள். மொத்தத்தைப் பார்த்தால் ஆளுக்கு எவ்வளவு என்றும் கேள்.

ஆளுக்கு எவ்வளவு?

இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. உலகச் சராசரி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சீனருக்கு 8 டன் பக்கம், அமெரிக்கருக்கு 14 பக்கம். தொழிற்புரட்சி தொடங்கி இதுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு நான்கில் ஒன்று. நம்முடையது மூன்று நான்கு சதவீதம்.

அப்புறம் நாம் எதற்குக் குறைக்க வேண்டும்?

நியாயமான கோபம், எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கில் உலகத்திலேயே மூன்றாவது இடம் நமக்கு. 140 கோடிப் பேரும் சீன அளவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். முதலில் வெந்து போவதும் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கும் நம் ஆட்கள்தான். 2070-ல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியே விடும் அளவும் திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமம் என்று 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா சொன்னது. தேதி தள்ளி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நியாயத்துக்கும் இயற்பியலுக்கும் நடுவில் பேரம் பேசினால் இப்படி ஒரு தேதிதான் கிடைக்கும்.

முதலில் பணக்காரர் ஆவோம், பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம். வளர்ந்தால் மாசு தானாகக் குறையுமாமே?

குஸ்நெட்ஸ் வளைவு என்று பாடப்புத்தகத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு படம் இருக்கும். சைமன் குஸ்நெட்ஸ் 1955-ல் பேசியது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி. 1990-களில் அதைச் சுற்றுச்சூழலுக்குப் பொருத்தினார்கள். கந்தகப் புகை, சாக்கடை நீர் போன்றவற்றுக்கு ஓரளவு பொருந்துகிறது, ஏனென்றால் மூக்கில் ஏறும், மக்கள் கேள்வி கேட்பார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதில் ‘தானாக’ என்பது நடப்பதில்லை. பிரிட்டன் நிலக்கரி மின்சாரத்தை விட்டதில் சட்டத்துக்கும் வரிக்கும் பெரிய பங்கு உண்டு.

மின்சாரத்தைச் சேமிக்கும் கருவி வந்தால் செலவு குறையும்தானே?

குறையும், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நீராவி இன்ஜின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடுகிறது என்று 1865-லேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதிவிட்டார். மலிவானால் இன்னும் பத்து இடத்தில் பயன்படுத்துவோம்.

எல்இடி பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் தொடங்கிய உஜாலா என்ற மத்திய அரசின் எல்இடி திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 310 ரூபாய் அளவில் இருந்த பல்பு விலை 2016-க்குள் 40 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. அருமையான வேலை, மிச்சமும் உண்மையானது. கூடவே ஒன்றும் நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் முன்பு ஒரு குண்டு பல்பு, அதுவும் ஒன்பது மணிக்கு அணைந்துவிடும். இப்போது இரண்டு எல்இடி விடிய விடிய எரிகிறது. ‘அதுக்கு என்ன கரண்ட் ஆகப்போகுது’ என்று என் அம்மா சொல்வதைத்தான் ஜெவன்ஸ் நீட்டி எழுதினார். அதற்காகப் பழைய பல்புக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வளர்ச்சியை நிறுத்தினால் உமிழ்வு குறையும் அல்லவா?

குறையும், பார்த்தாகிவிட்டது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது 1990-களில் ரஷ்யாவின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது. கூடவே சம்பளம், ஓய்வூதியம், சராசரி ஆயுள் எல்லாம் இறங்கியது. 2020-ல் ஊரடங்கில் உலக உமிழ்வு சுமார் 5 சதவீதம் குறைந்தது, அடுத்த ஆண்டே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இலங்கையில் 2022-ல் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. பெட்ரோல் வரிசையில் இரவெல்லாம் நின்றவரிடம் போய் ‘உமிழ்வு குறைந்தது’ என்று சொல்லிப் பாருங்கள்.

விறகு எரித்தால் எந்தக் கணக்கில் வரும்?

நாடுகளின் புதைபடிவ எரிபொருள் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு) கணக்கில் வராது, வெட்டிய மரம் மறுபடி வளரும் என்ற அனுமானம். அதனால் விறகடுப்பை விட்டு கேஸ் அடுப்புக்கு மாறும் வீடு காகிதத்தில் உமிழ்வைக் கூட்டுகிறது! அந்த வீட்டுப் பெண்ணின் நுரையீரலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. இந்த உமிழ்வைக் குறை சொல்லும் ஆளை நான் இதுவரை சமையலறையில் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இவ்வளவு காற்றாலை இருந்தும் ஏன் நிலக்கரி?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. மாநிலம் முழுக்க 10,000 மெகாவாட்டுக்கும் மேல் இருக்கிறது. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் தாராளம். மார்கழியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பாதி இறக்கை சும்மா நிற்கும். சூரிய ஒளித் தகடு பகலில் கொட்டும், ஆறரை மணிக்குக் கையை விரித்துவிடும். நாம் டிவி, ஏசி, மோட்டார் எல்லாம் போடுவது அதற்கு அப்புறம். 2024 மே மாதத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது.

நிறுவு திறனும் (எல்லா நிலையமும் முழு அளவில் ஓடினால் கிடைக்கக்கூடியது) உற்பத்தியும் வேறு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2025-ல் இந்தியாவின் நிறுவு திறனில் பாதி புதைபடிவமல்லாத வகைக்கு வந்துவிட்டது. வாக்குக் கொடுத்த 2030-க்கு ஐந்து வருடம் முன்பே. ஆனால் உண்மையில் ஓடும் யூனிட்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான், நிலக்கரி உற்பத்தி 2024-25-ல் நூறு கோடி டன்னைத் தாண்டியது. பகல் மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுபோக பேட்டரியும், நீரை மேலே ஏற்றி வைத்து இரவில் இறக்கும் நிலையங்களும் எவ்வளவு சீக்கிரம் வருகின்றன என்பதில்தான் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. என் கணிப்பில் பேனல் விலை முக்கியமே இல்லை இனி. பேட்டரி விலை, மின்தடம், மின்வாரியங்களின் கடன் இவைதான் பார்க்க வேண்டியவை.

நம் வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

மின் கட்டண ரசீதில் இருக்கும் யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் 280 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மின்விசிறி 75 வாட், புதிய பிஎல்டிசி (சிக்கன மோட்டார்) வகை 30 வாட் அளவு. நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ரசீதுக்கு 32 யூனிட் மிச்சம், சுமார் 23 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

மாமாவும் போன மாதம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். இப்போது பட்டறை மகன் கையில். கூரையில் சோலார் வைத்திருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் ஓடும் இரண்டு சிஎன்சி மெஷின் வாங்கியாகிவிட்டது. பகல் ஷிஃப்டுக்குப் பேனலே பெரும்பாலும் தாங்குகிறதாம். ஆர்டர் கூடியதால் புதிதாக ராத்திரி ஷிஃப்டும் ஓட்டுகிறார்கள்.